தாராவியில் கர்ப்பிணியின் தட்டு: மகளிர் குழுக்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வழிகாட்டி

கர்ப்பிணிப் பெண் கீரையும் முட்டையும் பருப்பும் பாலும் சாப்பிட வேண்டும் என்பது தாராவியின் தமிழ்க் குடும்பங்களில் யாருக்கும் தெரியாத செய்தி அன்று. 90 அடிச் சாலையை ஒட்டிய எந்தச் சந்தில் கேட்டாலும் மாமியார்கள் அந்தப் பட்டியலைத் தடையின்றி ஒப்பிப்பார்கள். அப்படியிருந்தும், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியக் கர்ப்பிணிகளில் 52 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. தெரிந்த உணவு தட்டுக்கு வராமல் போவதற்குக் காரணங்கள் வேறு. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் அவர், சமைத்தது ஆறு பேருக்குப் பங்காகிறது, மாத்திரை குமட்டுகிறது, பொதுக் கழிப்பறை வரிசைக்கு அஞ்சித் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார். எனவே, வாங்கிய உணவு கர்ப்பிணியின் வயிற்றுக்குப் போய்ச் சேர என்ன செய்யலாம் என்பதையே இந்த வழிகாட்டி அதிகம் பேசுகிறது. மகளிர் குழுவில் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருந்தாலும், கணவரோ மாமியாரோ படித்தாலும் பயன்படும்.

முதல் சந்திப்பு

ஒரு கர்ப்பிணியை முதன்முறை பார்க்கப் போகும்போது அறிவுரையோடு போகக் கூடாது. "நேற்றுக் காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை என்னென்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு, தேநீர், பிஸ்கட், பிள்ளை மிச்சம் வைத்த வடாபாவ் உட்பட எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். "சத்தாகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும், மாமியார் அருகில் இருந்தால் வேறு பதிலுக்கு வழியே இல்லை.

குறித்ததைப் பத்து வகைகளாகப் பிரித்துப் பார்க்கலாம். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு பெண்களின் உணவை மதிப்பிடப் பயன்படுத்தும் வகைகள் இவை: தானியமும் கிழங்கும், பயறு பருப்பு, கடலை முதலிய கொட்டைகளும் விதைகளும், பால் தயிர், மீன் இறைச்சி, முட்டை, கரும்பச்சைக் கீரை, மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறச் சதையுள்ள காய் பழம், பிற காய்கள், பிற பழங்கள். ஒரு நாளில் ஐந்து வகையாவது வந்திருக்க வேண்டும். இது ஒரு தனிப் பெண்ணின் உடல்நிலையை அளக்கும் கருவி அன்று. ஓர் ஊரின் நிலையை அறிய உருவாக்கப்பட்டது. ஆயினும் எந்த இடம் காலியாக இருக்கிறது என்று அவர் கண்ணுக்கே காட்டுவதற்கு இது போதும். பெரும்பாலான வீடுகளில் சோறு, குழம்பில் கொஞ்சம் பருப்பு, ஒரு காய் என்று மூன்றோடு நின்றுவிடும். தேநீரில் விடும் இரண்டு கரண்டிப் பாலைப் பால் என்று கணக்கில் எடுக்கக் கூடாது.

இதோடு தாய்-சேய் அட்டையில் எழுதப்பட்டுள்ள எடையையும் ஹீமோகுளோபின் அளவையும் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. 7-க்குக் கீழே இருந்தால் அது உணவால் சரிசெய்யும் நிலை அன்று. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். மேற்கை நடுப்பகுதியின் சுற்றளவு 23 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அவர் மெலிந்தவர் என்று கொண்டு அவருக்கு முன்னுரிமை தரலாம். தையல்காரரின் அளவு நாடா ஒன்றே இதற்குப் போதும்.

கூடுதல் உணவை வேளைகளுக்கு இடையில் வைக்க வேண்டும்

கர்ப்பகாலத்தில் நாளொன்றுக்கு 350 கலோரி கூடுதலாகத் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. "இரண்டு பேருக்குச் சாப்பிடு" என்ற பழைய பேச்சு இதனோடு பொருந்தாது. அரை வேளை உணவுதான் கூடுகிறது. ஆனால் அந்த அரை வேளையை மதியச் சோற்றோடும் இரவுச் சோற்றோடும் சேர்த்துவிட முயன்றால் அது அவருக்குப் போகாது. பானையில் கூடுதலாக விழும் ஒரு பிடி பருப்பு எல்லோருக்கும் பங்காகும். பரிமாறுகிற பெண்ணின் தட்டுக்கு அதில் ஒரு கரண்டி மிஞ்சினால் அதிகம். இதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. ஓர் அறை வீட்டில் ஒரே பானையிலிருந்து சாப்பிடும் குடும்பத்தில் அது அப்படித்தான் நடக்கும்.

ஆகவே கூடுதல் உணவு, பங்கு போட ஆள் இல்லாத நேரத்தில் வர வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கும் கணவர் வேலைக்கும் போன பிறகு காலை பதினோரு மணி ஒரு நேரம். மாலை நான்கு மணி இன்னொன்று. அதற்கென்று ஒரு மூடியுள்ள டப்பா தனியாக இருப்பது நல்லது. உணவு சமைக்கத் தேவையில்லாததாகவோ, முந்தைய இரவே ஆயத்தமாவதாகவோ இருக்க வேண்டும், ஏனெனில் வீட்டில் அப்பளம் உருட்டுபவரும் துணிக்கு நூல் வெட்டுபவரும் தனக்காக மட்டும் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். ஒரு வேகவைத்த முட்டை, 30 கிராம் வறுத்த நிலக்கடலை, ஒரு வாழைப்பழம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் 340 கலோரிக்கு அருகில் வந்துவிடும். முட்டை உண்ணாதவர்களுக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் பால் விட்ட கேழ்வரகுக் கஞ்சியும் அதே வேலையைச் செய்யும்.

நிலக்கடலையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டுக் கிராமங்களில் வறுத்த நிலக்கடலை, அரிசி மாவு, சர்க்கரை, கடலை எண்ணெய் ஆகியவற்றால் செய்த பிஸ்கட்டுகளைக் கர்ப்பிணிகளுக்கு நாள்தோறும் கொடுத்து ஆராய்ந்தார்கள். 1997-இல் வெளியான அதன் முடிவின்படி, பிறந்த குழந்தைகளின் எடை சராசரியாக 136 கிராம் கூடியது. விளைச்சலுக்கு முந்தைய பசிக்காலத்தில் அது 201 கிராமாக இருந்தது. உணவு மிகக் குறைவாக இருந்த காலத்தில்தான் பயன் மிக அதிகமாக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நம் பெட்டிக்கடையில் தொங்கும் கடலைமிட்டாய் அந்த பிஸ்கட்டுக்கு நெருங்கிய உறவு.

எதை வாங்குவது, எதை விடுவது

பணம் குறைவாக இருக்கும் வீட்டில் தவறான பொருளுக்குப் போகும் பணமே பெரிய இழப்பு. கர்ப்பிணிகளுக்கென்று விற்கப்படும் சத்துமாவு டப்பா ஒன்றின் விலையில் ஒரு மாதத்துக்கு நாளொரு முட்டை வாங்கிவிடலாம். குங்குமப்பூவால் குழந்தையின் நிறம் மாறாது. அந்தப் பணம் பாலுக்குப் போகட்டும். பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் இரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை வலுவாக இருக்கிறது. அவை கெடுதல் செய்யாது என்றாலும் அவற்றில் இரும்புச்சத்து சொற்பமே.

கேழ்வரகு நம்மவர்களுக்குப் பழகிய பொருள். மும்பைக் கடைகளில் நாச்னி என்று கேட்டால் கிடைக்கும். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பதால், பால் வாங்க முடியாத நாளில் இது கைகொடுக்கும். முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் தானியத்திலும் பயறிலும் இரும்பைச் சேரவிடாமல் தடுக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் குறைந்து இரும்பு நன்றாக உடலில் சேரும். இட்லி மாவு அரைத்து விற்கும் குடும்பங்கள் நிறைந்த பகுதியில் இதற்குத் தனி முயற்சியே தேவையில்லை. மாவில் ஒரு பங்கு கேழ்வரகைச் சேர்த்துக்கொண்டால் போதும். சந்தையில் மலிவாக வரும் வெந்தயக்கீரை, செங்கீரை, பாலக் எதுவானாலும் சரி, சமைத்த கீரையில் எலுமிச்சைச் சாறு பிழிந்து சாப்பிட வேண்டும். ஒரு கொய்யாப்பழம் அதைவிட நல்லது. வைட்டமின் சி-யில் ஆரஞ்சைப் பல மடங்கு மிஞ்சும் பழம் அது.

மீன் சாப்பிடுபவர்கள் விலை உயர்ந்த வாவலுக்கு ஏங்க வேண்டியதில்லை. இங்கே தார்லி என்று விற்கப்படும் சாளையும், முள்ளோடு தின்னக்கூடிய நெத்திலியும் புரதம், கால்சியம் இரண்டையும் தருகின்றன. கருவாட்டை நன்றாக ஊறவைத்துக் கழுவிச் சமைக்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தவிர்ப்பதே நல்லது. ஆட்டுச் சுவரொட்டி வாங்கிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதில் இரும்புச்சத்து மிகுதி என்பதால் அது வீண் வழக்கம் அன்று, நன்றாக வேகவைக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஈரல் அப்படியல்ல. அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சி இருப்பதால், குறிப்பாக முதல் மூன்று மாதங்களில் அடிக்கடி கொடுக்கக் கூடாது. உப்பு அயோடின் சேர்த்ததாக இருக்க வேண்டும்.

சோற்றை மட்டும் கூட்டிக்கொண்டே போவது இன்னொரு தவறு. நகரத்து ஏழைப் பெண்களில் இரத்தசோகையும் கர்ப்பகால நீரிழிவும் ஒருவரிடமே சேர்ந்து வருவதுண்டு. அரசு வழிகாட்டுதலின்படி, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமை எட்டினால் நீரிழிவு என்று கொள்ளப்படும். இந்தப் பரிசோதனையைக் கர்ப்பத்தைப் பதிவுசெய்யும்போதும், 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுபடியும் செய்துகொள்ள வேண்டும்.

பெரியவர்களோடு பேசுவது

"குழந்தை பெருத்துவிட்டால் பிரசவம் கஷ்டமாகும், ஏழாம் மாதத்துக்கு மேல் வயிறு நிறையச் சாப்பிடாதே" என்று சொல்லும் மாமியார் கொடுமைக்காரர் அல்லர். மருத்துவமனை எட்டாத ஊரில், தன் கண்முன்னே பிரசவத்தில் பெண்கள் இறந்ததைப் பார்த்த தலைமுறையின் அச்சம் அது. அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளினால் அடுத்த முறை வீட்டுக்குள் நுழைய முடியாது. "பெரியம்மா, அப்போது ஆஸ்பத்திரி தூரம், இப்போது சயான் ஆஸ்பத்திரி நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. எடை குறைந்து பிறக்கும் பிள்ளைக்குத்தான் மூச்சும் சூடும் தங்காது" என்று பேசினால் கேட்பார்கள். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு நோய்த்தொற்றும் இறப்பும் அதிகம் என்பதைத் தெருவில் நடந்த நிகழ்ச்சிகளிலிருந்தே அவர்கள் அறிவார்கள்.

பப்பாளி, எள், அன்னாசி முதலிய சூட்டுப் பண்டங்களைப் பற்றி வாதாட வேண்டியதில்லை. நன்கு பழுத்த பப்பாளியால் கேடு என்பதற்குச் சான்று இல்லை. பால் வடியும் காயைத் தவிர்ப்பது சரியே. ஆனால் ஒரு பழத்துக்காகச் சண்டையிட்டு மொத்த நம்பிக்கையையும் இழப்பதைவிட, கொய்யாவும் மாம்பழமும் கொடுக்கச் சொல்லிவிட்டு நகர்வது புத்திசாலித்தனம். முட்டையையோ மீனையோ பருப்பையோ விலக்கினால் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பதினோரு மணி டப்பாவை நிரப்பும் பொறுப்பை மாமியாரிடமே கொடுத்துவிடுவது நல்ல உத்தி. தான் கொடுத்ததைத் தானே தடுக்க மாட்டார். கணவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கூலி வாங்கிய அன்று முட்டையும் கடலையும் ஒரு வாரத்துக்கு மொத்தமாக வாங்கிவந்துவிடுவது. அன்றாடம் பணம் கேட்கும் நிலை இருந்தால் மனைவி கேட்கவே மாட்டார்.

மாத்திரை

உணவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கர்ப்பகாலத்து இரும்புத் தேவையை அதனால் மட்டும் ஈடுசெய்வது கடினம். முதல் மூன்று மாதங்கள் ஃபோலிக் அமில மாத்திரையும், நான்காம் மாதம் முதல் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட சிவப்பு மாத்திரையும், நாளுக்கு ஒன்றாகக் குறைந்தது 180 நாள் எடுக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் மேலும் 180 நாள். மாநகராட்சி மருந்தகங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதத்துக்குள் மருத்துவர் ஒருமுறை கொடுக்கும் குடற்புழு மாத்திரையையும் தவறவிடக் கூடாது.

மாத்திரை வாங்கப்படுகிறது, விழுங்கப்படுவதில்லை. மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்துபவர்கள் பலர். அது உடலில் சேராத இரும்பின் நிறம், கேடு அன்று என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். குமட்டல் இருந்தால் இரவு உணவுக்குச் சற்றுப் பின், படுக்கும் முன் விழுங்கலாம். தேநீருக்கும் மாத்திரைக்கும் இடையில், அதேபோல் தேநீருக்கும் உணவுக்கும் இடையில், குறைந்தது ஒரு மணி நேரம் இருக்க வேண்டும், ஏனெனில் தேயிலையில் உள்ள டானின் இரும்பைச் சேரவிடாது. நாளுக்கு நான்கு கட்டிங் சாய் (அரை கிளாஸ் தேநீர்) குடிக்கும் ஊரில் இது சிறிய விஷயம் அன்று. கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாகப் போடக் கூடாது. காலையிலும் மதியமும் கால்சியம், இரவில் இரும்பு என்று பிரித்துக்கொள்ளலாம். குழுவினர் மாத்திரை அட்டையில் மிச்சம் இருப்பவற்றை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் அது சோதனை போடுவதாக அமைந்தால் மாத்திரைகள் சாக்கடைக்குப் போய்விடும்.

மலச்சிக்கலுக்கு மாத்திரையின் மேல் பழி விழுகிறது. பாதிக் காரணம் தண்ணீர். பொதுக் கழிப்பறைக்கு இரவில் தனியே போக அஞ்சியும், ஒவ்வொரு முறையும் காசு கொடுக்க வேண்டியிருப்பதாலும், பல பெண்கள் மாலை நான்கு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. இதனால் சிறுநீர்த் தொற்றும் வருகிறது. காலையிலும் முற்பகலிலும் அதிகமாகக் குடித்து மாலையில் குறைத்துக்கொள்ளச் சொல்வதும், இரவில் துணைக்கு வர ஒருவரை வீட்டில் ஏற்பாடு செய்வதும் சத்துணவு வேலையின் பகுதியே.

சட்டப்படி கிடைக்க வேண்டியவை

2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அங்கன்வாடி வழியாக நாளொன்றுக்கு 600 கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் கொண்ட உணவுப் பொருள் வீட்டுக்குக் கொடுக்கப்பட வேண்டும். சுவை பழக்கமில்லாததால் பொட்டலம் பிரிக்கப்படாமலே கிடக்கும் வீடுகள் உண்டு. மாவுக் கலவையாக இருந்தால் அடை மாவில் கலக்கலாம், வெல்லம் சேர்த்து உருண்டை பிடிக்கலாம். சேவிகா (அங்கன்வாடிப் பணியாளர்) மராத்தியில் பேசுவதால் ஒதுங்கி நிற்கும் புது மருமகளோடு முதல் முறை குழுவில் ஒருவர் துணைக்குப் போய்ப் பெயரைப் பதிந்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் முன்னுரிமைக் குடும்ப அட்டையோ அந்தியோதயா அட்டையோ உள்ளவர்கள், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் கைரேகை வைத்து மும்பைக் கடையிலேயே தானியம் வாங்கலாம். ஊரில் கொடுக்கும் துவரம்பருப்பும் பாமாயிலும் இங்கே கிடைக்கா. பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் இரண்டு தவணையாகவும், இரண்டாவது பெண்குழந்தையானால் 6,000 ரூபாயும் உண்டு. பணம் கர்ப்பிணியின் பெயரில் ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்கே வரும் என்பதால், கணக்கைத் தொடக்கத்திலேயே சரிபார்க்க வேண்டும். மாதந்தோறும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடக்கிறது.

கருவுறும் முன்னரே

மும்பையின் குடிசைப் பகுதிகளில் 2006 முதல் 2012 வரை 6,500-க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்குக் கீரை, பழம், பால் கொண்ட சிற்றுண்டி நாள்தோறும். மற்றப் பிரிவினருக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவற்றால் ஆன சிற்றுண்டி. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது குழந்தைகளின் எடையில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. கருத்தரிப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே சாப்பிடத் தொடங்கியவர்களிடம் மட்டும் சராசரியாக 48 கிராம் கூடியிருந்தது. கர்ப்பகால நீரிழிவோ மற்றப் பிரிவில் 12 விழுக்காடாக இருக்க, கீரைச் சிற்றுண்டி உண்ட பிரிவில் 7 விழுக்காடாகக் குறைந்திருந்தது. கர்ப்பம் தெரிந்தபின் தொடங்கும் வேலை தாமதமான வேலை என்பதே இதற்குப் பொருள். தெருவில் திருமணமாகி வரும் ஒவ்வொரு புதுப்பெண்ணையும் குழு அப்போதே பட்டியலில் சேர்த்துக்கொண்டு, ஹீமோகுளோபின் பார்த்து, ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கிவைக்க வேண்டும். புதுப்பெண்ணிடம் இதைப் பேசக் கூச்சமாக இருந்தால், மைனி (அண்ணி) முறையில் இருப்பவரை விட்டுப் பேசச் சொல்லலாம்.

பிரசவத்துக்கு ஊருக்குப் போகும்போது

வளைகாப்பு முடிந்து திருநெல்வேலிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போகும் பெண்ணின் பராமரிப்பு அந்த ரயில் பயணத்தோடு அறுந்துபோவது வழக்கமாக இருக்கிறது. தாய்-சேய் அட்டை, இரத்தம், சர்க்கரை, ஸ்கேன் அறிக்கைகள், இரண்டு மாத மாத்திரைகள் ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல. ஊர் சேர்ந்த வாரமே கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டி, கர்ப்பிணிகளைப் பதிவுசெய்து அரசு தரும் பிக்மி எண்ணைப் பெற வேண்டும். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்கிறார்கள். போகும் முன் பெண்ணின் தாயாரிடம் குழுவினர் தொலைபேசியில் பேசி, பிரசவத்துக்குப் பின் பத்தியம் என்று பருப்பையும் கீரையையும் பழத்தையும் நிறுத்திவிட வேண்டாம், பாலூட்டும் காலத்தில் தேவை கர்ப்பகாலத்தைவிட அதிகம் என்று சொல்லிவைக்க வேண்டும். பூண்டுக் குழம்பும் கருவாடும் இரசமும் இருக்கட்டும். அவற்றோடு முட்டையும் இரவு மாத்திரையும் தொடர வேண்டும்.